குனியாத தன்னார்வலர்

ஆற்றங்கரையில் காணப்படும் உயிரினங்களில் சுலபமாக அடையாளம் கண்டுகொள்ளக்கூடியது எது என்று கேட்டால், நீங்கள் கொக்கு என்பீர்கள், மீன்கொத்தி என்பீர்கள். இரண்டும் இல்லை. தலையில் தொப்பி, கழுத்தில் விசில், கையில் ஒலிபெருக்கி, இன்னொரு கை இடுப்பில் என்று, ஊரே குனிந்து குப்பை பொறுக்கும் இடத்தில் தான் மட்டும் கொடிக்கம்பம் மாதிரி நிமிர்ந்து நிற்கும் ஜீவன் ஒன்று உண்டு. அதற்குக் குனியாத தன்னார்வலர் என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குத் தென்படும். எட்டரைக்கு மறையும். நடுவில் ஓயாமல் ஒலி எழுப்பும். கூட்டம் இருந்தால் நடுவில் நிற்கும். கேமரா இருந்தால் முன்னால் நிற்கும். குப்பை இருந்தால்? ஐந்தடி தள்ளி நிற்கும்.

உங்கள் ஊரில் இப்படி ஒருவர் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். ஏரி இருக்கும் ஊரில் ஏரிக்கு ஒருவர், கோயில் குளம் இருக்கும் ஊரில் குளத்துக்கு ஒருவர், எதுவுமே இல்லாத ஊரில் தெருமுனை வேப்பமரத்துக்காவது ஒருவர் இருந்தே தீருவார். திருத்தணியில் நந்தியாற்றுக்கு வாய்த்தவர் கஜபதி.

கஜபதி கெட்டவர் அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். இருபத்தாறு வருஷமாகக் காரில் இடதுபக்க சீட்டில் உட்கார்ந்துகொண்டு, காலடியில் தனக்கென்று ஒரு பிரேக் வைத்துக்கொண்டு, "கிளட்ச்ச விடு, மெதுவா விடு, ஹார்ன் அடி, அந்த மாட்டப் பாரு, மாட்டப் பாரு!" என்று ஊரில் பாதிப் பேருக்கு உரிமம் வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஒரு மனிதர் இருபத்தாறு வருஷம் ஸ்டியரிங்கைத் தொடாமலே வண்டி ஓட்டினால், அவருக்கு உலகத்தைப் பற்றி ஓர் அபிப்பிராயம் உண்டாகிவிடும். வலதுபக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் தப்பு செய்யப் போகிறவர்கள். இடதுபக்கம் ஒருவர் இருந்து சொல்லாவிட்டால் எதுவும் நேராகப் போகாது. ஆறு உள்பட.

பாலத்துக்குக் கீழே தொடங்கி ஆறு வளையும் இடம் வரை பத்துப் பன்னிரண்டு ஏக்கர். ஒரு காலத்தில் இடிந்த வீட்டுக் கல்லும் கோழிக்கடைக் கழிவும் அங்கேதான் வந்து விழும். பிறகு யாருக்கோ நல்ல புத்தி வந்து, சுற்றிலும் கம்பி வேலி போட்டு, புங்கனும் நீர்மருதும் நட்டு, 'நந்தியாற்று இயற்கைக் காப்பிடம்' என்று பலகை வைத்து, துரைக்கண்ணு என்ற காவலாளியையும் வைத்தார்கள். குப்பை பொறுக்கத் தன்னார்வலர்கள் வேண்டும் என்றதும் முதலில் கை தூக்கியவர் கஜபதி. தூக்கிய கை தூக்கியபடியே இருந்தது. கீழே இறங்கித் தரையைத் தொடவில்லை.

'நந்தியாறு நண்பர்கள்' என்று அவர் தொடங்கிய வாட்ஸாப் குழுவில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். சனிக்கிழமை சாயங்காலம், உதிக்கும் சூரியன், கூப்பிய கை, "நாளை நதி நம்மை அழைக்கிறது" என்று செய்தி போடுவார். எண்பது பேர் கட்டைவிரலை உயர்த்துவார்கள். ஞாயிறு காலையில் அந்த எண்பது கட்டைவிரல்களும் போர்வைக்குள் இருக்கும். வருவது ஏழு பேர். அந்த ஏழில் வேலை செய்வது ஆறு பேர். கணக்கு உங்களுக்கே புரிந்திருக்கும்.

வந்தவுடன் வேலை தொடங்கிவிடுமா என்ன? முதலில் விசில். வரிசையாக நிற்கவேண்டும். ஆறு பேருக்கும் வருகைப் பதிவு. பிறகு உறுதிமொழி. பிறகு கஜபதி "ரெண்டே நிமிஷம்" பேசுவார்; அது பதினெட்டு நிமிஷம் ஓடும். அதற்குள் வெயில் ஏறிவிடும். பிறகு 'முன்' என்று ஒரு போட்டோ. வேலை முடிந்ததும் 'பின்' என்று ஒரு போட்டோ. ஒருமுறை 'முன்' போட்டோவில் அவர் கண்ணை மூடிவிட்டார். அது தெரிந்தபோது கரை பளிச்சென்று சுத்தமாகியிருந்தது. கஜபதி மனம் தளரவில்லை. கட்டி வைத்திருந்த இரண்டு மூட்டைகளை அவிழ்த்துக் குப்பையைத் திரும்பக் கரையில் தூவச் சொல்லி, கண்ணை அகலத் திறந்து எடுத்துக்கொண்ட பிறகுதான் விட்டார்.

"கோஆர்டினேஷன்தாங்க முக்கியம். குப்பைய யார் வேணா பொறுக்கலாம்" என்பார்.

"எனக்கு மட்டும் இடுப்பு ஒத்துழைச்சா இந்த ஆத்தையே ஒத்த ஆளா தொடச்சி வெச்சிடுவேன்" என்பார். கிருத்திகைக்குக் கிருத்திகை மலைக்கு முந்நூற்று அறுபத்தைந்து படியும் உட்காராமல் ஏறுகிற இடுப்பு அது.

அவர் மனைவி பிரபாவதிக்கு இந்த இடுப்பின் வரலாறு தெரியும். ஞாயிறு மதியம் கணவர் துவைக்கப் போடும் வெள்ளைக் கையுறைகளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

"பாவா, வாரா வாரம் சுத்தமா எடுத்துகினு போறீங்க, சுத்தமாவே கொணாந்து போட்றீங்க. இதுல நான் இன்னாத்தத் தொவைக்கறது?"

அந்த ஆறு பேரில் ஒருவர் ஜெயம்மா. கே.ஜி.கண்டிகையில் டீக்கடை வைத்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர்களுக்கு டீ கொண்டுவந்து கொடுத்தவர், காலி டம்ளருக்காகக் காத்திருந்த நேரத்தில் சும்மா நிற்க முடியாமல் ஒரு கோணியை எடுத்தார். அன்றிலிருந்து வாரம் தவறுவதில்லை. முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். கஜபதி விசில் ஊதும்போது ஒரு மூட்டை கட்டி முடித்திருப்பார். வாட்ஸாப் கிடையாது. 'பின்' போட்டோவில் தேடினால் மூலையில் அவர் முதுகு தெரியும்.

"உன்னை எது இங்க இழுக்குது ஜெயம்மா? சொல்லு, குரூப்ல போட்றேன்" என்று ஒருமுறை கஜபதி கேட்டார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சார். பிளாஸ்டிக்க எடுத்தா கீழ இருந்து புல்லு எட்டிப் பாக்குது. நல்லா கீது."

கஜபதி அதைக் குழுவில் போடவில்லை. கருத்துச் செறிவு போதாது என்று நினைத்தார்.

இப்படி மூன்று வருஷம் போன பிறகு, உலகச் சுற்றுச்சூழல் தினமான ஜூன் ஐந்தாம் தேதி காப்பிடத்தில் விழா என்று முடிவாயிற்று. மாவட்டத்திலிருந்து பெரிய அதிகாரி வருகிறார். நூறு கன்று நடுகிறார்கள். அத்தோடு சிறந்த தன்னார்வலருக்கு ஒரு கேடயம். யாருக்கு என்று கேட்கிறீர்களா? பரிந்துரைக் கடிதத்தை எழுதியவரே கஜபதிதான்.

அன்று முதல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. கேடயத்தைப் பற்றிய கவலை இல்லை, கேடயத்தோடு எடுக்கும் போட்டோவைப் பற்றிய கவலை. செல்போனைக் கையில் பிடித்தபடி பதினொரு நாள் அந்தப் பன்னிரண்டு ஏக்கரையும் அளந்தார். ஒரு இடத்தில் மலை தெரிந்தால் மின்கம்பம் குறுக்கே வந்தது. ஒரு இடத்தில் கோபுரம் தெரிந்தால் தன் காது மறைந்தது. கடைசியில் ஆற்றை ஒட்டிய கூழாங்கல் திட்டு ஒன்றில் நின்றபோது, ஆகா, மலை, மலைமேல் கோபுரம், அதற்குக் கீழே சரியாக அவருடைய வலது தோள்! முருகனே பின்னால் நின்று தட்டிக்கொடுப்பது போல் இருந்தது. மேடை இங்கேதான் என்று சுண்ணாம்பால் கோடு போட்டுவிட்டு வீட்டுக்குப் போய் இரண்டு வேளைச் சோற்றையும் சேர்த்துச் சாப்பிட்டார்.

ஜூன் இரண்டாம் தேதி காலை, கன்று நடக் குழி தோண்ட வந்த ஜெயம்மா அந்தச் சுண்ணாம்புக் கோட்டுக்குள் ஒரு காலை வைத்துவிட்டு அப்படியே நின்றார்.

"அண்ணே, இங்க வாங்க. பாத்து வாங்க. கீழ பாத்து வாங்க!"

துரைக்கண்ணு வந்தார். கஜபதியும் வந்தார். கூழாங்கற்களுக்கு நடுவே சின்னப் பள்ளம். அதில் கூழாங்கல் மாதிரியே, சாம்பல் நிறத்தில் கறுப்புத் திட்டுகளோடு நான்கு முட்டைகள், கூர்முனைகளை உள்பக்கம் சேர்த்து வைத்துக்கொண்டு கிடந்தன. தலைக்குமேல் ஒரு பறவை கத்திக்கொண்டே வட்டமடித்தது. மஞ்சள் கால், சிவப்பு மூக்கு, கறுத்த கழுத்து.

"ஆள்காட்டி சார்" என்றார் துரைக்கண்ணு. "கூடெல்லாம் கட்டாது. கல்லு மேலயே வெச்சிடும்."

"அதுக்கென்ன, எடுத்து அந்தப் புங்க மரத்தாண்ட வெச்சிடு. நிழலா வேற கீது."

"அய்யய்ய, அப்படி வெச்சா அதுக்குத் தெரியாது சார். இந்த இடம்தான் அதுக்குக் கணக்கு. இங்க வந்து பாக்கும், முட்டை இல்லன்னா வுட்டுட்டுப் போயிடும். மேடைய வேணா தள்ளிப் போட்டுக்கலாம். தோ, கழிப்பறை ஓரமா சமமா கீது பாருங்க."

கஜபதி கழிப்பறையைப் பார்த்தார். மலையைப் பார்த்தார். நான்கு முட்டைகளைப் பார்த்தார். நான்கு முட்டைக்காக ஒரு மலையை விட்டுக்கொடுப்பதா?

"யோசிக்கலாம்" என்றார்.

இந்த இனத்தின் மொழியில் 'யோசிக்கலாம்' என்றால் 'முடியாது' என்று பொருள். ஜெயம்மாவுக்கு அந்த மொழி தெரியாது. "சரிங்க சார், நல்லதாப் போச்சு" என்று சந்தோஷமாகக் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் போனார்.

நான்காம் தேதி மதியம் ஒரு மணி. துரைக்கண்ணு சாப்பிட்டுவிட்டுக் கொட்டகையில் குறட்டை விடும் நேரம். வெயிலில் காக்கைகூட வெளியே இல்லை. கஜபதி வேலிக் கதவைச் சத்தமில்லாமல் திறந்துகொண்டு உள்ளே வந்தார். தொப்பி, விசில், வெள்ளைக் கையுறை எல்லாம் முறைப்படி. ஒரு கையில் பஞ்சு பரப்பிய முட்டை அட்டை. இன்னொரு கையில் தோசைத் திருப்பி. முட்டைமேல் மனிதக் கை படக்கூடாது என்று எங்கோ படித்திருந்தார். பறவைகளின் மேல் அவருக்கு அவ்வளவு அக்கறை.

திட்டில் கால் வைத்தாரோ இல்லையோ, 'டிட்டி-டுய்ட்! டிட்டி-டுய்ட்!' என்று ஒன்று இந்தப் பக்கமிருந்தும் இன்னொன்று அந்தப் பக்கமிருந்தும் கிளம்பின. ஆண் எது பெண் எது என்று தெரியவில்லை. இரண்டுக்கும் ஒரே கோபம். "ச்சூ! ச்சூ! ஏய், நான் நல்லதுக்குத்தான்..." என்று அவர் விளக்கத் தொடங்குவதற்குள் ஒன்று நேராக மூக்கை நோக்கி இறங்கியது. கஜபதி இடதுபக்கம் ஒடித்தார். இன்னொன்று வந்தது. வலதுபக்கம் ஒடித்தார். பதினைந்து வருஷமாகப் பரதம் சொல்லிக்கொடுக்கும் டீச்சர்கூட அப்படி ஒரு சுற்றுச் சுற்றியிருக்க மாட்டார். தொப்பி ஒரு பக்கம் போயிற்று. முட்டை அட்டை ஒரு பக்கம் போயிற்று. மூன்றாவது பாய்ச்சலில் மூக்குக்கண்ணாடி கழன்று எங்கேயோ கல்லில் விழுந்து 'டங்' என்றது.

கஜபதி கல்லாய்ச் சமைந்தார்.

பயத்தினால் என்று நினைக்காதீர்கள். கண்ணாடி இல்லாவிட்டால் கஜபதிக்கு ஒரு முழத்துக்கு அப்பால் உலகம் கிடையாது. முட்டை இங்கேதான் எங்கேயோ இருக்கிறது. முன்னாலா, பின்னாலா? சுற்றிய சுற்றில் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்றே தெரியவில்லை. கீழே பார்த்தால் ஆயிரம் கூழாங்கல், கஜபதியின் கண்ணுக்கு ஆயிரம் முட்டை. ஒரு காலைத் தூக்கி வைத்தால் 'சடக்' என்ற சத்தம் கேட்டுவிடுமோ? முட்டையை இடம் மாற்றத்தான் வந்தார், மிதிக்க வரவில்லை. கெட்டவர் அல்ல என்று முதலிலேயே சொன்னேனே.

செல்போன் ஸ்கூட்டர் பெட்டிக்குள் இருந்தது. விசில் கழுத்தில் இருந்தது. ஊதினார். விட்டு விட்டு ஊதினார். உயிரைக் கொடுத்து ஊதினார். கொட்டகையில் படுத்திருந்த துரைக்கண்ணுவின் காதில் அது தெளிவாக விழுந்தது. மூன்று வருஷமாக அந்த விசில் கேட்டுப் பழகிய மனிதர். "தலைவர் வந்துகிறாரு போல" என்று புரண்டு படுத்துக்கொண்டார்.

பாலத்தின் மேல் திருப்பதி பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. ஜன்னலோரத்தில் இருந்தவர்கள் வெயிலில் தோசைத் திருப்பியோடு அசையாமல் நிற்கும் உருவத்தைப் பார்த்துவிட்டு, சோளக்கொல்லை பொம்மை என்று நினைத்திருப்பார்கள். ஆற்றங்கரையில் எதற்குச் சோளக்கொல்லை பொம்மை என்று யோசிப்பதற்குள் பஸ் போயிருக்கும்.

அரைமணி ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. கஜபதியின் சட்டை நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்தது. பறவைகளும் கத்திக் கத்தி ஓய்ந்து தள்ளிப் போய் நின்றன. கடைசியில் முழங்கால் இரண்டும் இனி முடியாது என்று கைவிரித்தன. பாதத்தை அசைக்காமல், முருகா முருகா என்று மெல்ல மெல்ல உடம்பை இறக்கினார். முதுகில் மூன்று இடத்தில் சொடக்கு விழுந்தது. இடுப்பு? முழுமையாக ஒத்துழைத்தது. ஆற்றுக்குத் தொண்டாற்ற வந்த மூன்று வருஷத்தில் கஜபதி முதன்முதலாகக் குனிந்தார்.

குனிந்ததும் கண் தெரிந்தது. அவருடைய இரண்டு செருப்புகளுக்கும் நட்டநடுவில் நான்கு முட்டைகள். இந்தப் பக்கம் ஒரு விரல்கடை. அந்தப் பக்கம் ஒரு விரல்கடை.

'இதற்குத்தானே வந்தோம்!' என்று தோசைத் திருப்பியை மெதுவாக ஒரு முட்டையின் அடியில் நீட்டினார். அந்த முட்டையில் ஒரு விரிசல் இருந்தது. தான்தான் உடைத்துவிட்டோமோ? இல்லை, விரிசலுக்குள் கடுகளவு மூக்கு ஒன்று உள்ளேயிருந்து தட்டிக்கொண்டிருந்தது. தட்டும், ஓயும், தட்டும். காதைக் கிட்டே கொண்டுபோனார். உள்ளே ஒரு 'கீச்'.

கஜபதி தோசைத் திருப்பியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

இருபத்தாறு வருஷத்தில் அவர் வாய்மூடி ஒரு வேலையைப் பார்த்தது அன்றைக்குத்தான். அதற்கு அவர் எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மெதுவா, பார்த்து, இப்ப தள்ளு என்று நாக்கின் நுனி வரை வந்ததை அவரே விழுங்கினார். ஓட்டின் மூடி ஒரு சின்னக் கதவு மாதிரி திறந்தது. ஈரமான, நூல் மாதிரி காலுள்ள ஒரு பஞ்சு வெளியே விழுந்து, தலையைத் தூக்கி, முதன்முதலாக உலகத்தைப் பார்த்தது. உலகமாக அப்போது அதன்மேல் கவிந்திருந்தது கஜபதியின் முகம்தான். பாவம், அது என்ன நினைத்ததோ!

எழுந்து போய்விட்டிருக்கலாமே என்கிறீர்களா? அவருக்கும் அந்த யோசனை வந்தது. ஆனால் குந்தியிருந்ததில் இரண்டு காலும் மரத்துப்போயிருந்தன. எழ முயன்றால் விழுவார். விழுந்தால் எங்கே விழுவார்? எண்பத்து நான்கு கிலோ.

நாலு மணிக்கு, மறுநாள் நட வந்திறங்கியிருந்த கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற வந்த ஜெயம்மா அவரைப் பார்த்தார்.

"அய்யே, இன்னா சார், இங்க வந்து குந்திகினு கீறீங்க?"

"ஜெயம்மா... கிட்ட வராத. முட்டை. கீழ. என் கால் செத்துப்போச்சு. கண்ணாடி இல்ல."

ஜெயம்மா குடத்தை வைத்துவிட்டு நாலே எட்டில் திட்டின் ஓரத்துக்கு வந்து அவருடைய இடதுபக்கம் நின்றுகொண்டார்.

"பயப்படாதீங்க. நான் சொல்ற மாதிரி செய்யுங்க. முதல்ல வலது கைய பின்னால ஊனுங்க. ஆங், அங்க வெறுங்கல்லுதான். இப்ப இடது கால மெதுவா தூக்குங்க. மெதுவா, மெதுவா! இன்னா அவசரம்? தூக்கி வெளிய வையுங்க. ஆங். இப்ப ரிவர்சுல வாங்க. கீழ பாக்காதீங்க, என்னியப் பாருங்க. வாங்க, வாங்க, வாங்க. நில்லுங்க."

கஜபதி வந்தார். சொன்னது சொன்னபடி, ஒரு கேள்வி கேட்காமல், எல் போர்டு மாட்டிய வண்டி மாதிரி பின்பக்கமாகவே ஊர்ந்து வந்து புங்கமரத்தடியில் சாய்ந்தார். ஜெயம்மா கண்ணாடியைத் தேடி எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். தண்ணீர் கொடுத்தார். பிறகுதான் கல்லின்மேல் கிடந்த தோசைத் திருப்பி அவர் கண்ணில் பட்டது. சற்றுத் தள்ளிக் கிடந்த முட்டை அட்டையும் பட்டது.

"இது இன்னாத்துக்கு சார்?"

கஜபதி வாயைத் திறந்தார். இந்த வாழ்க்கையில் எந்தக் கேள்விக்கும் பதினெட்டு நிமிஷம் பதில் சொல்லக்கூடிய வாய். அதில் மிச்சத் தண்ணீரை ஊற்றிக்கொண்டார்.

ஜெயம்மா அட்டையைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். தோசைத் திருப்பியை முந்தானையில் துடைத்து அவர் கையில் கொடுத்தார்.

"எடுத்துகினு போங்க. வூட்ல தேடுவாங்க."

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்று கஜபதிக்கு இருந்தது.

அந்த நேரம் பார்த்துத் தாய்ப்பறவை ஆற்றில் தேங்கியிருந்த குட்டையில் இறங்கி வயிற்றை நனைத்துக்கொண்டு, சொட்டச் சொட்ட ஓடிவந்து, மீதி முட்டைகளின்மேல் குளிரக் குளிர உட்கார்ந்தது. இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது துரைக்கண்ணு வந்து சேர்ந்தார். அவர் பாதித் தூக்கத்தில் எழுந்து, கஜபதி குந்தியிருந்ததைத் தூரத்திலிருந்து பார்த்து, பக்தியோடு ஒரு போட்டோவும் எடுத்திருந்தார். "மூணு மணி நேரமா வெயில்ல முட்டைக்கு நிழலா குந்திகிறாரு! நான் விசில் சத்தம் கேட்டேன். காக்காய விரட்டத்தான் ஊதிகிறாரு, எனக்கு அப்ப தெரியல" என்று மனமுருகி, குழுவில் போட்டும் விட்டார். ஆறு மணிக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு கட்டைவிரலும் உயர்ந்தன. ஏழு மணிக்குப் பொதட்டூர்பேட்டையிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் போன் செய்து அழுதார்.

கஜபதி மறுத்தாரா? இல்லை. ஒவ்வொரு போனுக்கும் "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றார். உண்மையைத்தான் சொன்னார், யாரும் நம்பவில்லை. ஆனால் ஒரு காரியம் செய்தார். பந்தல்காரரைக் கூப்பிட்டு, "மேடைய மாத்தணும். ஆங், கழிப்பறை ஓரமா. தெரியும்ப்பா, தெரிஞ்சுதான் சொல்றேன்" என்றார்.

மறுநாள் விழா. குருத்தோலைத் தோரணம், நாற்காலி, கூட்டம். மூன்று குஞ்சுகள் வெளியே வந்து தாயோடு கோரைப்புல் ஓரம் நடை பழகிக்கொண்டிருந்தன. நான்காவது முட்டை அவசரப்படவில்லை. பெரிய அதிகாரி மைக்கைப் பிடித்து, "நான்கு உயிர்களுக்காகத் தன் உடலையே குடையாக்கிய மாமனிதர்" என்று தொடங்கியபோது, மாமனிதர் மேடையில் வியர்த்துக்கொண்டிருந்தார். முதல் வரிசையில் பிரபாவதி. கடைசியில், நாற்காலி இருந்தும் உட்காராமல், ஜெயம்மா.

கேடயத்தைக் கையில் வாங்கினார். "ரெண்டே நிமிஷம்" என்றார். கூட்டம் பதினெட்டு நிமிஷத்துக்குத் தயாராகச் சாய்ந்து உட்கார்ந்தது.

"நான் முட்டையக் காக்கப் போகலீங்க" என்றார் கஜபதி. "தூக்கிப் போடத்தான் போனேன். போட்டோவுல மலை வரணும்னு. தோசைத் திருப்பி எடுத்துகினு போனேன். கண்ணாடி வுழுந்துடுச்சு, கால் மரத்துப்போச்சு, அதான் நின்னேன். என்னைக் காப்பாத்தினது ஜெயம்மா. முட்டைய மொதல்ல பாத்ததும் அவங்கதான்."

பெரிய அதிகாரியின் கண்கள் கலங்கின. "எப்பேர்ப்பட்ட தன்னடக்கம்!" என்று எழுந்து நின்று கை தட்டினார். கூட்டமும் எழுந்து நின்றது. கைதட்டலில் பந்தல் ஆடியது. "நெஜமாத்தாங்க! சத்தியமாங்க!" என்று கஜபதி மைக்கில் கெஞ்சக் கெஞ்சக் கைதட்டல் கூடியது. தன் குற்றத்தைத் தானே சொல்லி ஒருவர் இத்தனை பாராட்டு வாங்கியதில்லை. ஜெயம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். பிரபாவதி மட்டும் பக்கத்து நாற்காலிப் பெண்மணியிடம், "நேத்து சாயங்காலம் ஒரு மணி நேரம் தேடினேங்க அந்தத் தோசைத் திருப்பிய" என்றார்.

போட்டோ வந்தது. கஜபதி, கேடயம், பெரிய அதிகாரி. பின்னால் மலை இல்லை. 'ஆண்கள்' என்று எழுதி ஒரு அம்புக்குறி, சரியாகக் கஜபதியின் தலையைக் காட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக் கூடத்தில் அதைத்தான் மாட்டியிருக்கிறார்.

திருந்திவிட்டாரா என்று கேட்பீர்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒலிபெருக்கியை வீட்டில் வைத்துவிட்டு வந்தார். குனிந்தார். கோணி பிடித்தார். அன்று மதியம் கையுறையைக் கையில் வாங்கிய பிரபாவதி, அதைத் துவைக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். நான்கு வாரம் இப்படியே போயிற்று. ஐந்தாவது வாரம் வழக்கம் தலைதூக்கியது. நிமிர்ந்து நின்று, "எல்லாரும் தப்பா குனியறீங்க. முட்டிய மடக்கணும், முதுக மடக்கக்கூடாது. குனியறதுக்கு ஒரு முறை கீதுங்க..." என்று ஆரம்பித்தார்.

"சார்" என்றார் ஜெயம்மா, தலையைத் தூக்காமலே. "நீங்களும் குனிஞ்சிகினே சொல்லுங்க. அப்பதான் எங்களுக்குக் காதுல வுழும்."

கஜபதி ஒரு கணம் யோசித்தார். பிறகு குனிந்தார். குனிந்தபடியே பதினெட்டு நிமிஷம் பேசினார். ஒரு மூட்டை நிரம்பியது.

இதுவரை படித்துச் சிரித்த உங்களுக்கு ஒரு வார்த்தை. படிக்கும்போதே உங்களுக்குத் தெரிந்த யாரோ ஒருவருடைய முகம் ஞாபகம் வந்திருக்குமே? 'இதை அவருக்கு அனுப்பவேண்டும், படித்துத் திருந்தட்டும்' என்றுகூடத் தோன்றியிருக்கும். தாராளமாக அனுப்புங்கள். ஆனால் அனுப்புவதற்கு முன்னால் ஒரே ஒரு நிமிஷம் நில்லுங்கள். அடுத்தவர் திருந்தவேண்டும் என்று தான் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாமல் ஒரு விரலை மட்டும் அசைத்து ஏற்பாடு செய்கிறவருக்கு என்ன பெயர் என்று உங்களுக்கு இப்போது தெரியும்.